ஏழு மணிக் கட்டில்

காலை ஏழு மணிக்கு முத்துசாமி கட்டிலைக் காலி செய்ய வேண்டும். ஏழாக இன்னும் பத்து நிமிஷம். காய்ச்சல் நூற்று மூன்று.

"இவரு எந்திரிக்கவே கூடாது," என்றாள் சிவகாமசுந்தரி, தெர்மாமீட்டரை உதறியபடி. "மூணு நாளைக்கு இந்தக் கட்டில்லதான் படுத்திருக்கணும்."

பஃபலோ ரோட்டு மாடியில் பலகைத் தடுப்புகளுக்குப் பின்னால் அத்தனை பேரும் சிரித்தார்கள். இருமிக்கொண்டே சிரித்தார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம், மே மாதம். சிங்கப்பூர் முழுக்க ஃப்ளூ காய்ச்சல். பள்ளிக்கூடங்களை மூடியாயிற்று. வீட்டிலேயே முதல் பட்டதாரியான சிவகாமசுந்தரிக்கு அரசாங்கம் கொடுத்திருந்த தற்காலிக வேலை, வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுப்பது, காய்ச்சல்காரர்களைப் படுக்க வைப்பது, ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுப் படிவம் நிரப்புவது.

மாடியை எடுத்து நடத்தும் ரத்தினம்மா சுவரைக் காட்டினார். கட்டிலின் தலைமாட்டில் சாக்பீஸால் எழுதியிருந்தது. இரவு முத்துசாமி. காலை ஏழிலிருந்து காதர் மைதீன். மதியம் மூன்றுக்கு மேல் இன்னொருவர்.

"ஒரு கட்டிலு, மூணு ஆளு, மிஸ்ஸி. அது சூடு ஆறி நான் பாத்ததே இல்ல." கைப்பையோடு வரும் பெண்கள் எல்லாரும் ரத்தினம்மாவுக்கு மிஸ்ஸிதான்.

"அப்ப அடுத்து வர்றவரு தரையில படுக்கட்டும்."

"தரையில நான் இருக்கேன்," என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

துரைசாமி. கட்டிலுக்கு அடியும் வாடகைக்கு விட்ட இடம்தான்.

ரத்தினம்மா நோட்டீஸை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "காய்ச்சல் கண்டவர்... காற்றோட்டமான... தனியறையில்..." சிரிப்பில் அதற்கு மேல் முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத யாருக்கு எழுதினாங்க லா, கவர்னருக்கா?"

அந்த நோட்டீஸைத் தமிழில் எழுதியது சிவகாமசுந்தரிதான். சிராங்கூன் ரோட்டில் ஒரே அறையில் ஒன்பது பேரோடு படுத்து வளர்ந்தவள். 'தனியறை' என்று எழுதியபோது பேனா கொஞ்சமாவது தயங்கியதா? இல்லை. படித்த படிப்பு அப்படி.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் படிவத்தின் மேல் காட்டினாள். பேனா முனை காகிதத்தைக் கிழித்தது.

"கடைசிக் கேள்வி. அடுத்த தடவை இந்த மாதிரி காய்ச்சல் வந்தா அரசாங்கம் என்ன செய்யணும்?"

"ஞாயித்துக்கிழமையா பாத்து வரச் சொல்லுங்க," என்றார் ரத்தினம்மா. "அன்னிக்கு எல்லாரும் லீவு."

சிவகாமசுந்தரி அதை அப்படியே எழுதினாள். ஆபீஸில் யாராவது படிக்கட்டும்.

அப்போதுதான் காதர் மைதீன் படியேறி வந்தார். ராத்திரிக் காவல்காரர். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, பாதித் தூக்கத்தில் வந்தவர், கட்டிலில் ஆள் இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

முத்துசாமி எழப் பார்த்தார். "வந்துட்டீங்களா பாய்... இந்தா, ஒரு நிமிஷம்..." காலைக் கீழே வைத்தார். துரைசாமியின் வயிற்றில் வைத்தார். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"படுங்க!"

சிவகாமசுந்தரி போட்ட சத்தத்தில், எழப்போன துரைசாமியும் படுத்துக்கொண்டார்.

"மூணே நாளு பாய்," என்றாள். "வேற எங்கயாச்சும் படுத்துக்குங்க. எந்திரிச்சு நடமாடினா இவரு பொழைக்க மாட்டாரு."

"வேற எங்க மிஸ்ஸி? நேத்தும் சரியாத் தூங்கல. ராத்திரி கண்ணு அசந்தா வேலை போயிடும்." காதர் மைதீன் முத்துசாமியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். வைத்த கையை உடனே எடுத்தார். "சரி லா முத்து. நீயே படு."

போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். கைப்பிடிக் கட்டையில் தலையைச் சாய்த்தார். தலை சரிந்தது. திரும்பச் சாய்த்தார். திரும்பவும் சரிந்தது.

இப்படியே போனால் இரண்டு நாளில் இந்த மனிதரும் விழுவார். அப்போது இவரை எங்கே போடுவது? ஒன்றும் தோன்றாமல் அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள்.

"பேரு காதர் மைதீன். தொழில் காவல். எங்க காவல் பாய்?"

"சர்க்கார் கெடங்குல." கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

"அங்க என்ன இருக்கு?"

"கட்டிலு."

பேனா நின்றது.

"இரும்புக் கட்டிலு, மெத்தையோட. இருநூறு. தொத்து வியாதி வந்தா போடணும்னு போன வருசமே வாங்கி அடுக்கிட்டாங்க. இன்னும் ஆர்டர் வரலையாம்."

மாடியில் இருமல்கூட அடங்கிவிட்டது.

அந்த அமைதியில் காதர் மைதீன் கண்ணைத் திறந்தார். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, தன் வேலையில் ஏதோ குற்றம் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுகூடக் கொறையல மிஸ்ஸி. இன்னி வரைக்கும் ஒரு ஆளை அதுல படுக்க விட்டதில்ல. அல்லா அறிய, நானே படுத்ததில்ல."

சிவகாமசுந்தரி பேனாவை மூடினாள். எழுந்து புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அக்கா," என்றாள் ரத்தினம்மாவிடம், "தேக்கா மார்க்கெட்டுல லாரி வச்சிருக்கிறது யாரு?"