சங்கிலிப்பாண்டியின் ரத்தம்

"இது யாரோட ரத்தம், நஸீபா?"

முத்துக்குமரன் சார் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். மேசைமேல் சென்னை ஆய்வகத்திலிருந்து வந்த ரிப்போர்ட் கிடந்தது.

"சங்கிலிப்பாண்டி அண்ணன் ரத்தம், சார். மம்சாபுரம்."

"ஆம்பளைதானே அவரு?"

"ஆமா சார். ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன்."

"இது பொம்பள ரத்தம்னு எழுதியிருக்கான். மொதத் தடவை வந்தப்ப டியூப் மாறியிருக்கும்னு நானே சொல்லிச் சமாளிச்சேன். நீ மறுபடி எடுத்து அனுப்பினே. இதுவும் பொம்பள ரத்தம். ரெண்டும் ஒரே பொம்பளைன்னு ஜீன் டெஸ்ட்ல இருக்கு."

நஸீபா ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தாள். டெங்கு தடுப்பூசி ஆராய்ச்சிக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் திறந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் அவள் சேர்ந்து இரண்டு வருசமாகிறது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. ஒரே காய்ச்சல்தான், ஒருவர் உடம்பு எதிர்த்து நின்றுவிடுகிறது, இன்னொருவர் உடம்பு நாலே நாளில் சாய்ந்துவிடுகிறது. ஏன் என்று தெரிந்தால்தான் நல்ல தடுப்பூசி செய்ய முடியும். இதைச் சொல்லிச் சொல்லித்தான் நூற்றி நாற்பது பேரைச் சேர்த்திருந்தாள். மம்சாபுரத்தில் சங்கிலிப்பாண்டி மட்டும், யாரும் கூப்பிடாமல் முகாமுக்கு வந்து கையை நீட்டியவர்.

"அம்புட்டுத் தூரம் அலையச் சடவுபட்டு, பக்கத்துல யாருகிட்டயாவது எடுத்தியா? இல்ல, உன் ரத்தத்தையே..."

"என் ரத்தத்தையும் எடுத்து அனுப்புங்க சார். ஒத்துப்பாக்கட்டும்."

சார் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். சந்தேகப்படுவது அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"ஒண்ணு பொய்யின்னா நீ எடுத்த நூத்தி நாப்பதையும் கீழ ஊத்திருவாக. உன் வேலை போறது பொறவு. உன்னை நம்பி ஊசிக்குக் கை நீட்டுனாகளே, அவியளுக்கு என்ன பதில் சொல்ல? கெளம்பு. இன்னைக்கு நானே எடுக்கேன்."

சங்கிலிப்பாண்டி வேலைபார்க்கும் பஞ்சாலை ராஜபாளையத்தில் இருந்தது. வேனில் போகும்போது நஸீபா இரண்டு தடவையும் நடந்ததை ஒன்றுவிடாமல் யோசித்துப் பார்த்தாள். கையில் ரப்பர் பட்டை கட்டியதும், நரம்பைத் தடவிப் பார்த்ததும் நன்றாக நினைவிருந்தது. டியூபில் பேரை எழுதி அவரிடமே காட்டினாள். அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார். எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தன் கையையே நம்ப முடியாமல்போன அந்த நினைப்புத்தான் அவளை அதிகமாக வாட்டியது.

பஞ்சாலையில் பகல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்த சங்கிலிப்பாண்டி அவளைக் கண்டதும் நின்றார்.

"என்னம்மா, மில்லு வரைக்கும் வந்திருக்க? ரத்தத்துல எதுவும் கோளாறா?"

"கோளாறு இல்லண்ணே. இவுக எங்க சார். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்திருக்காக."

முத்துக்குமரன் சுற்றி வளைக்கவில்லை. "இந்தப் பிள்ளை உங்ககிட்ட ரத்தம் எடுத்துச்சா, இல்லையா?"

"எடுத்துச்சே. ரெண்டு தடவை."

"அது பொம்பள ரத்தம்னு சென்னையில சொல்லுதாக. பொய்யா எழுதிக் கொடுத்துருச்சுன்னு இந்தப் பிள்ளைய வேலையை விட்டு நிறுத்தப் போறாக."

சங்கிலிப்பாண்டி திரும்பி மில் கேட்டைப் பார்த்தார். மில் சூப்பர்வைசர் அங்கே நின்று வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"செத்த இப்படி வாங்க."

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர்களைக் கூட்டிப்போனார். துண்டை உதறி முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் துண்டை முகத்திலேயே வைத்திருந்தார்.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இருந்தேன். தெரிஞ்சா மில்லுல நிப்பாட்டிருவாக. அதான் உங்க ஃபாரத்துலயும் சொல்லல. ஆனா என்னால இந்தப் பிள்ளை மேல பழி விழக்கூடாது." அவர் நஸீபாவைப் பார்க்காமல் சொன்னார். "அது பொம்பள ரத்தந்தான், சார். என் தங்கச்சி வெள்ளத்தாய் ரத்தம்."

நஸீபா அவர் முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, உங்க கையிலதானே நான்..."

"இரும்மா," என்று சார் தடுத்தார். அவர் முகம் கடுத்துவிட்டது. "அப்ப தங்கச்சி ரத்தத்த உங்க பேருல கொடுத்திருக்கீக. இந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே டியூபை மாத்தியிருக்கீக. எம்புட்டுப் பேரு பாடுபட்டுச் செய்யிற ஆராய்ச்சி இது. மொதல்ல தங்கச்சிய வரச் சொல்லுங்க. அவுக ரத்தத்தையும் எடுத்து ஒத்துப்பாத்தாத்தான் இந்தப் பிள்ளை தப்பிக்கும்."

சங்கிலிப்பாண்டி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினார். கையை முத்துக்குமரன் முன்னால் நீட்டினார்.

"இதுலயே எடுத்துக்கோங்க, சார். ரத்தப் புத்துநோய் வந்து நான் பொழைக்க மாட்டேன்னு சொன்னப்ப, வேலூர்ல வச்சு அவ எலும்பு மஜ்ஜைய எடுத்துத்தான் எனக்கு ஏத்துனாக. அன்னையில இருந்து என் உடம்புல ஊறுறது பூராம் அவ ரத்தம். அவ டெங்குல போயி மூணு வருசமாச்சு."