நீளக் காது புத்தர்

ஹெலன் புருஷனின் தொடையில் கிள்ளினாள். ஆசீர்வாதம் பஸ்ஸே அதிரும்படி சிரித்தார்.

"மெதுவா! அவ்ளோ பெரிய ஜோக்கு இல்ல அது" என்று அவர் காதோடு வாயை வைத்துச் சொன்னாள் ஹெலன்.

"ஒரு கிள்ளுக்கு எவ்ளோ சிரிக்கணும்னு நீதான் சொல்லிக் குடுக்கணும் மே."

கும்மிடிப்பூண்டி கம்பி மில்லிலிருந்து குடும்பத்தோடு கிளம்பிய சுற்றுலா. ஊத்துக்கோட்டையில் நாஷ்டாவை முடித்துக்கொண்டு, மலைமேல் இருக்கும் புத்தர் தோட்டத்துக்கு பஸ் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது.

மில் இரைச்சலில் நின்று நின்றே ஆசீர்வாதத்துக்கு இரண்டு காதும் போய்விட்டது. காதோடு வாய் வைத்துச் சொன்னால் பாதி கேட்கும். மீதிக்கு ஹெலனின் விரல்தான். ஒரு கிள்ளு என்றால் சிரிப்பு, இரண்டு என்றால் 'உச்' கொட்டல். போன மாதம் ஒரு சாவு வீட்டில் ஹெலன் ஒன்றோடு நிறுத்திவிட்டாள். அவரும் சிரித்து வைத்தார்.

திங்கட்கிழமை மில்லில் காது டெஸ்ட். கேட்காதவர்களை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. மகள் கிறிஸ்டினாவுக்கு நர்சிங் படிப்பு இன்னும் முடியவில்லை. யார் யாரை டெஸ்ட்டுக்கு அனுப்புவது என்பது ஷிஃப்ட் இன்சார்ஜ் துளசிராமன் கையில். அவரோ காலையிலிருந்து ஆசீர்வாதத்தை விட்டு நகரவில்லை.

"என்னியே சுத்திக்கினு கீறாரு. மோப்பம் புடிச்சுட்டாரு மே."

"புடிக்கட்டும். நான் பாத்துக்கறேன். நீயா எதுவும் பேசி வெக்காத."

தோட்டத்து வாசலில் வெள்ளை உடுப்புப் பெண் ஒருத்தி கை கூப்பி, மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். உடனே துளசிராமன் திரும்பினார்.

"யோவ் ஆசீர்வாதம்! அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு? நீ சொல்லு பாக்கலாம்!"

அவர் குரல் மட்டும் ஆசீர்வாதத்துக்கு நன்றாகவே கேட்கும். மில்லில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. மூங்கில் புதரிலிருந்த குருவிகள் மொத்தமாகப் பறந்தன.

பரீட்சை! ஆசீர்வாதம் ஹெலனைப் பார்த்தார். ஹெலன் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் எக்கி, காதில் ஓதினாள்.

"செருப்பக் கழட்டணுமாம் சார். உள்ள சத்தம் போட்டுப் பேசக் கூடாதாம்" என்று ஒப்பித்தார் ஆசீர்வாதம்.

"கரெக்ட்டு!" என்று கத்திய துளசிராமன், குனிந்து தன் ஷூவைக் கழற்றினார்.

தாமரைக்குளம் தாண்டி, படியேறிப் போனால் மலை விளிம்பில் வெள்ளை வெளேரென்று புத்தர். பின்னால் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் புத்தரின் முகத்தைப் பார்த்தார்கள். ஆசீர்வாதம் காதைப் பார்த்தார்.

"தோள் வரைக்கும் தொங்குது பாரு மே. எனக்குந்தான் ரெண்டு கீது, கண்ணாடி மாட்டறதுக்கு!"

ரகசியமாகச் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. படியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹெலன் மூன்று முறை கிள்ளினாள். மூன்று என்றால் வாயை மூடு.

அடுத்தது தியானம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றார்கள். ஆசீர்வாதத்தின் தொடை அநாதையானது.

போகிற போக்கில் ஹெலன் விவரத்தைக் காதில் போட்டாள். "கண்ண மூடிக்கினு ஒக்காரணும். மணி அடிப்பாங்க. அந்தச் சத்தம் முழுசா அடங்கினப்புறம் கையத் தூக்கணுமாம்."

"அடங்கறது இருக்கட்டும். ஆரம்பிக்கறதே எனக்குத் தெரியாதே!"

"மனசுக்குள்ள பரமண்டல ஜெபம் சொல்லு. ஆமென் வந்ததும் தூக்கிடு."

பக்கத்தில் வந்து சம்மணம் போட்டார் துளசிராமன். ஆசீர்வாதம் கண்ணை மூடினார். புத்தர் காலடியில் உட்கார்ந்துகொண்டு ஏசுவைக் கூப்பிடுகிறோமே, இரண்டு பேரில் யார் கோபித்துக்கொள்வார்கள் என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு பயத்தில் ஜெபத்தை எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓட்டி, ஆமென் சொல்லிக் கையைத் தூக்கினார்.

மெல்ல அரைக்கண்ணைத் திறந்தார். வரிசை முழுக்கக் கைகள். மில் ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் தூக்கியிருந்தார்கள். அப்பாடா, பாஸ்!

முழுக்கண்ணையும் திறந்தார்.

வெள்ளை உடுப்புப் பெண் அப்போதுதான் மணிக்குப் பக்கத்தில் கிடந்த மரச்சுத்தியைக் கையில் எடுத்தாள். நிமிர்ந்தவள், இத்தனை கைகளையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மணி இன்னும் அடிக்கவே இல்லை. எதிர்ப்பக்கம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஹெலன் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

ஆசீர்வாதம் கையை இறக்கினார். இத்தனை நாள் கிள்ளு வாங்கிக் காப்பாற்றிய வேலையை ஒரு ஆமெனில் தொலைத்தாகிவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? துளசிராமன் பக்கம் சாய்ந்தார். வெட்கத்தில் குரல் எழும்பவில்லை.

"சார், நான் டமாரம் சார். ரெண்டு காதும் போய் ரொம்ப நாளாச்சு. என் பொண்டாட்டி கிள்ளிக் கிள்ளித்தான் வண்டி ஓடுது. என்னிய டெஸ்ட்டுக்கு அனுப்பிடுங்க. பொண்ணு படிப்பு மட்டும்தான் சார் கவல."

தூக்கிய கையை இறக்காமலேயே துளசிராமன் மெல்லக் கண் திறந்தார். ஆசீர்வாதத்தின் உதட்டையே ஒரு கணம் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர, மலையே அதிரும்படி சொன்னார்:

"ஆமாய்யா! இன்னா இனிமையான மணி!"