கீழே இருந்த வரி

கரண்ட் வந்து கணினி திறந்ததும், காணாமல் போனவர்கள் ஒருவருமே இல்லை என்றது.

மொத்தம்: 0.

காலையில் இருநூற்றுப் பதின்மூன்று பேர் இருந்தார்கள். ஆட்களைத் தேடி எங்கள் மாத்தளை அலுவலகத்துக்கு வருபவர்களிடம் விவரம் கேட்டுப் பதிந்துவைப்பதுதான் என் வேலை.

எதிரே இரத்தோட்டை சுசீலாதேவி உட்கார்ந்திருந்தார். மகனின் பதிவிலக்கத்தோடு ஒரு கடிதம் வேண்டும். நாளைக்குக் கொழும்பில் விசாரணைக் குழுவிடம் அதைக் காட்டாவிட்டால் அவரை உள்ளே விடவே மாட்டார்கள்.

கணினி திருத்தும் மக்கீனை உக்குவளையிலிருந்து வரவழைத்தேன். சேர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்தவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

பெயர்கள் எந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்று சொல்லும் வரி அதில் இரண்டு முறை இருந்தது. மேலே இருந்தது, சேர்வரை அமைத்த ஜெயரட்ணம் எழுதியது. கீழே இருந்தது, போன வாரம் மக்கீன் புது டிஸ்க்குக்காக எழுதியது. அந்த டிஸ்க்கில் இன்னும் ஒரு பெயரும் ஏற்றவில்லை.

"அவர் எழுதின வரிய அழிக்க மனசு வரல்லக்கா. மேல உள்ளதுதான் ஓடும்னு நெனச்சிட்டேன்."

சேர்வர் அப்படி நினைப்பதில்லை. ஒரே வரி இரண்டு முறை வந்தால் கீழே உள்ளதை எடுத்துக்கொள்ளும். மேலே உள்ளதை மறந்துவிடும். கரண்ட் போய் வந்ததில் அது கோப்பைப் புதிதாகப் படித்திருக்கிறது.

மக்கீன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பூச்சியத்தைப் பார்த்தபோது வயிறு குளிர்ந்துவிட்டது. எல்லோரும் வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தது போல. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று பார்த்தேன்.

சுசீலாதேவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரைக்கு அவருக்கு பஸ்.

கீழே இருந்த வரியை நானே அழித்தேன். மக்கீன் சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடக்கினார்.

இருநூற்றுப் பதின்மூன்று பேரும் மறுபடி காணாமல் போனார்கள்.

சுசீலாதேவியின் மகன் நூற்று நாற்பதாவது ஆள். கடிதத்தை அடித்துக் கொடுத்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஒரு பெயரும் விடுபட்டிருக்கக் கூடாதே என்று கடைசிப் பதிவு வரைக்கும் போய்ப் பார்த்தேன்.

இருநூற்றுப் பதின்மூன்று, ஜெயரட்ணம்.

தேடுபவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. உறவு, மனைவி.