நமது நிருபர்

“பத்தாம் பக்கத்துல நாலு வரி திருத்தம் போட்டு முடிச்சுக்கலாம்மா” என்றார், போன மாதம்தான் பொறுப்பேற்ற ஆசிரியர்.

“பழியைப் போட்டது முதல் பக்கத்துல சார். துடைக்கிறதும் அங்கதான்” என்று ஒற்றைக்காலில் நின்றாள் செய்தியாளர். பதினெட்டு வருடமாக விமானப் பாதுகாப்பு பற்றி அவள் எழுதுவதைப் படிக்காத விமானிகள் குறைவு.

மேசையில் பழைய நாளிதழ் கிடந்தது. ‘விமானி தூங்கியதால் ஓடுபாதையைத் தாண்டிய விமானம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பக்கத்திலேயே, பிரேக் பழுதுதான் காரணம் என்று காட்டும் பராமரிப்புப் பதிவேட்டின் நகல். அவள் அலையாய் அலைந்து தோண்டி எடுத்தது.

“அந்த விமானி இப்ப?”

“அன்னைக்கே வேலை போச்சு. அதுக்கப்புறம் அவரை நம்பி யாரும் விமானம் கொடுக்கலை.”

ஆசிரியர் இறங்கிவந்தார். “சரி, முதல் பக்கமே போடறேன். எழுதின ஆள் பேரு எதுக்கு? ‘நமது நிருபர்’னுதானே வந்திருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?”

“விமானி பேரை முழுசாப் போட்டோமே சார். நிருபர் மட்டும் ஏன் ஒளிஞ்சுக்கணும்?”

“விசாரிக்காம எழுதின ஏதோ ஒரு அவசரக்குடுக்கை. என் பேரை ஏன் போட்டீங்கன்னு அந்த நிருபர் கேஸ் போட்டா கோர்ட்டுக்கு யார் அலையறது?”

“போட மாட்டாங்க.”

“எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, அந்தப் பழைய தலைப்பின் மேல் வைத்தாள்.

“பேரைப் பார்த்து எழுதிக்கங்க சார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் எழுதின செய்தி அது.”