தலைவரைத் தோற்கடித்த பேச்சு

"கால்ல வேணாலும் விழறேன் அண்ணி, அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் விட்டுடுங்க."

"விடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? நீங்க போய் உட்காருங்க தம்பி."

கெஞ்சிய ஜன்னல்காரர் வழியை விடவில்லை. அவர் அலுமினிய ஜன்னல் செய்கிறவர். அண்ணியும் அண்ணனும் ரெடிமேட் படிக்கட்டு செய்கிறார்கள். தொழிற்சாலையை அண்ணன் பார்த்துக்கொள்ள, வெளி வேலையெல்லாம் அண்ணிதான். கதவு, ஜன்னல், படி, கூரைச் சட்டம் என்று கட்டடத்துக்கு வேண்டியதைத் தயாரிக்கிற அறுபத்து நாலு பேரின் வட்டாரச் சங்கத்தில், இன்று தலைவர் தேர்தல். பதினாலு வருஷமாகப் போட்டியே இல்லாத பதவி. போன தடவை, "போதும்ப்பா, வேற யாராவது வாங்க" என்று எழுந்த தலைவரைக் கைதட்டியே உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த மனிதரை எதிர்த்துத்தான் அண்ணி நிற்கிறார்.

"உங்களுக்கு முதல் ஆர்டர் வாங்கிக் குடுத்ததே அவர்தான். நன்றி கெட்டவங்கன்னு நாலு பேர் பேசுவாங்க."

"பேசட்டும். ஜெயிச்ச பிறகு பேசட்டும்" என்று சொல்லிவிட்டு, அண்ணி டீ குடித்த காகிதக் கப்பைக் கசக்கிப் போட்டு மேடை ஏறினார்.

கதவுத் தொழிற்சாலை வைத்திருக்கும் தலைவர் நடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த பேப்பரைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"தலைவர் நிறைய செஞ்சிருக்கார். யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா இந்த ஒரு வருஷத்தில நீங்க கேட்ட எதுக்காவது உருப்படியா ஒரு பதில் வந்திருக்கா? தீ தாங்கற கதவைச் சோதிக்க இங்க ஒரு கூடம் இல்ல. எங்கேயோ அனுப்பிட்டு மூணு மாசம் காத்துக் கிடக்கறோம். நமக்கே ஒரு பரிசோதனைக் கூடம் வேணும்னு எத்தனை கூட்டத்தில கேட்டாச்சு?"

கூட்டத்தில் சலசலப்பு. கூரைச்சட்டம் செய்கிறவர் எழுந்தே விட்டார். போன மாதம்தான் அவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டட வேலை கைநழுவிப் போயிருந்தது. சோதனைச் சான்றிதழ் ஒன்பது நாள் தாமதம்.

"அந்தம்மா கேக்கறது நியாயம்தானே ஐயா? கூடம் என்னாச்சு? இப்பவே சொல்லுங்க!"

தலைவர் கைகூப்பிச் சிரித்தார். "ரொம்ப சந்தோஷம். எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

கூரைக்காரர் முகம் சிவந்தது. "பாத்தீங்களாய்யா திமிரை!" என்று பக்கத்திலிருந்தவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அண்ணி கடைசிப் பத்திக்கு வந்தார். ஜன்னல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவர் நல்லவர்ங்கறதுக்காக இவரையே உட்கார வச்சா, நாளைக்கு இவர் மட்டும்தான் இருப்பார், சங்கம் இருக்காது. மரியாதைய அவர் வீட்டுக்குப் போய்க் குடுங்க. ஓட்டை எனக்குக் குடுங்க."

கைதட்டல் இல்லை. ஆனால் ஓட்டுச் சீட்டை வாங்கிய யாரும் யோசிக்கவும் இல்லை. மடமடவென்று எழுதி மடித்துப் போட்டார்கள்.

முப்பத்தஞ்சு தேறினால் பெரிது என்று ஜன்னல்காரர் கணக்குப் போட்டிருந்தார். அண்ணிக்கு நாற்பத்தொன்று. தலைவருக்கு இருபத்துமூன்று.

"கூடம் ஆறு மாசத்தில வரும். இடத்துக்கு நாளைக்கே அலையப் போறேன்" என்று மைக்கில் சொன்ன அண்ணியின் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கீழே இறங்கும்போது பின்வரிசையில் யாரோ, "ஏத்தி விட்டவரையே தள்ளி விட்டுட்டா பாரு" என்றது நன்றாகவே கேட்டது. அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம் என்று தேடினால் ஆளைக் காணோம். வாசலில் இல்லை. வண்டியிலும் இல்லை. மேடைக்குப் பின்னால், உபரி நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறையின் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. எட்டிப் பார்த்த ஜன்னல்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே தோற்றுப்போன தலைவர். அவர் எதிரில் அண்ணி, கண் கலங்க நின்று, போனில் எதையோ தட்டி அவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு, அடுத்த அறைக்கே கேட்கிற சத்தத்தில் சிரித்தார்.

"இதுக்கு எதுக்கும்மா அழறே? எனக்குக் காது சுத்தமா போச்சுன்னு சொல்லியிருந்தா, பாவம்னு சொல்லியே இன்னும் அஞ்சு வருஷம் என்னை உட்கார வச்சிருப்பாங்க. நீ பேசினது ஒரு சொல்கூட என் காதுல விழல. ஆனா அவங்க முகத்தைப் பார்த்தேன் பாரு... நான் எழுதிக் குடுத்ததை நீ அப்படியே பேசிட்டேன்னு தெரிஞ்சுபோச்சு!"