கல்லில் ஏழாவது பெயர்

பிரதேச சபை உறுப்பினர் ஜெயரூபன் அழைப்பிதழோடு ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தபோது, கிழவர் சன்னாசி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சுவரில், ராணுவ உடுப்பிலிருந்த ஓர் இளைஞனின் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது.

“சந்தியில நினைவுக்கல் தொறக்கிறோமுங்க. சண்டையில செத்த நம்ம தோட்டத்து ஆளுங்க ஏழு பேரு. போன வாரம் நம்ம பசங்க வந்து இந்தப் படத்தைப் பார்த்து, உங்க வீட்டுக்காரம்மாகிட்ட பேரு கேட்டு ஏழாவதா எழுதிட்டுப் போனாங்க.”

“முப்பது வருசமா ஒருத்தரும் கேக்கலையே?”

“தேர்தலுக்கு முந்தி தொறந்துறணுமுங்க. நீங்க இந்தப் படத்துல இருக்கிறவரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும். பயமே தெரியாத வீரர்னு.”

“குண்டுச் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள மொத ஆளா அவன்தான் இருப்பான்.”

“அதெல்லாம் வேணாங்க, அமைச்சர் வர்றாரு.” ஜெயரூபன் சிரித்தார். “உங்களுக்கு அவர் அண்ணனா, தம்பியா?”

“அது நான்தான். காணாமப் போயிட்டேன்னு தந்தி வந்தப்ப என் சம்சாரம் போட்ட மாலை. நான் திரும்பி வந்தும் கழட்டல; கழட்டினா மறுபடியும் காணாமப் போயிருவேன்னு அவளுக்குப் பயம்.”

ஜெயரூபன் வியர்வையைத் துடைத்தார். “கல்லு வெட்டி முடிஞ்சிருச்சுங்களே! அன்னிக்கு மட்டும் நீங்க அவரு தம்பின்னு சொல்லிருங்களேன்.”

“சரி, செத்தே இருக்கேன்” என்றார் சன்னாசி. “அடுத்த மாசம் வோட்டு போட மட்டும் நான் எந்திரிச்சு வரணுமா, இல்ல அதுக்கும் தம்பியவே அனுப்பவா?”