மூன்றாவது மானிட்டர்

"இதுலயும் மஞ்சளாத்தான் தெரியுது, அண்ணே" என்றாள் ஆஷ்லின்.

தல்லாகுளம் கம்ப்யூட்டர் கடையில் அவள் ஒதுக்கிய இரண்டாவது மானிட்டர் அது. போட்டோகிராபரான அவள் விளாங்குடியில் ஒரு பச்சைக் குழந்தையைப் படம் எடுத்திருந்தாள். அவள் அனுப்பிய படத்தைப் போனில் பார்த்த தாய் பாண்டீஸ்வரி, "பிள்ள எதுக்குக்கா இம்புட்டு மஞ்சளா இருக்கான்? சரி பண்ணிக் குடுங்க" என்று குறைப்பட்டிருந்தாள். தன் பழைய மானிட்டர்தான் நிறத்தை மாற்றிக் காட்டி ஏமாற்றிவிட்டது என்று நினைத்து, ஆஷ்லின் புதிது வாங்க வந்திருந்தாள்.

கடைக்காரர் ஞானசீலன் மூன்றாவதை இயக்கினார். "போட்டோ எடிட்டிங்குன்னே வந்ததும்மா. நிறம் அச்சு அசலா இருக்கும்."

ஆஷ்லின் படத்தைப் பெரிதாக்கினாள். குழந்தையைச் சுற்றியிருந்த துண்டு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. முகம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

"பில் போடவாம்மா?"

அவள் போனை எடுத்தாள்.

"பாண்டீஸ்வரி, படத்துல தப்பே இல்லம்மா. துண்டு வெள்ளையாத்தான் விழுந்திருக்கு. பிள்ளைக்கு மஞ்சள் காமாலையா இருக்குமோன்னு பயமா இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. நானும் வாரேன்."

சாயங்காலம் குழந்தை ஆஸ்பத்திரியில் காமாலையைக் குறைக்கும் நீல விளக்கடியில் கண்கட்டோடு தூங்கியது. "நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க. இனி பயமில்ல" என்றார் டாக்டர். பாண்டீஸ்வரி ஆஷ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவன இப்படியே ஒரு படம் எடுங்கக்கா."

"இந்த வெளிச்சத்துல நீலமால்ல விழுவான்?"

"விழட்டும்க்கா" என்று சிரித்தாள் பாண்டீஸ்வரி.